அரிக்கமேடு ஞாயிறு நடை: ஒரு மதிப்புரை

புதுச்சேரியில் பாரம்பரிய நடை என்றாலே வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர்களுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்வது என்றாகிவிட்ட நிலையில், நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், ரோமானியரோடு வணிகம் நடந்த பண்டைய துறைமுக ஊரான அரிக்கமேட்டுக்கு அழைத்துச் சென்று, பிறகு பாரதி பூங்காவை ஒட்டிய அருங்காட்சியகத்தில் கொண்டுவந்து விடும் அரைநாள் நடை ஒன்றை ஒரு சிறு குழுவினர் ஞாயிறுதோறும் நடத்துகிறார்கள் என்பதே வரவேற்கத்தக்கது. கட்டணம் மிகுதியில்லை, வண்டிச் செலவும் அதில் அடக்கம். கூட்டமும் அளவாகவே சேர்க்கப்படுகிறது. ஆகவே வழிகாட்டியின் குரல் கடைசி ஆளுக்கும் கேட்கிறது.

இத்தகைய சேவைக்கு அரிக்கமேடு மிகக் கடினமான இடம். அங்கே தலைநிமிர்ந்து பார்ப்பதற்குக் கோபுரமோ கோட்டையோ இல்லை. மரங்கள், புல், தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை, இடிந்து நிற்கும் செங்கல் சுவர்கள் ஆகியவை மட்டுமே கண்ணில் படுகின்றன. அந்தச் சுவர்களும் 18-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷன் கட்டிய கட்டடத்தின் மிச்சமே தவிர, பண்டைய துறைமுகத்தைச் சேர்ந்தவை அல்ல. கடலூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார், "தம்பி, இந்தச் சுவருதான் ரோமாபுரிக்காரங்க கட்டினதா?" என்று கேட்டபோது, "இல்லம்மா, இது பாதிரிமாருங்க கட்டினது. நாம தேடி வந்தது உங்க காலுக்குக் கீழ இருக்கு" என்று வழிகாட்டி சொன்ன விடையிலேயே நடையின் தரம் தெரிந்துவிட்டது. அகழ்ந்து, அளந்து, வரைந்து முடித்த குழிகளை மீண்டும் மண்ணிட்டு மூடுவதும் பாதுகாப்பு முறைதான் என்பதையும், திறந்து விட்ட செங்கல் கட்டுமானம் ஓரிரு மழைக்காலங்களிலேயே சிதையத் தொடங்கும் என்பதையும் அவர் அங்கேயே விளக்கினார். பார்க்க ஒன்றுமில்லை என்று முகம் சுளித்தவர்களும் அதன் பிறகு தரையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள்.

நடையின் சிறந்த பகுதி, மண்ணடுக்குகளைப் படிப்பது எப்படி என்று அவர் கற்பித்த அரைமணி நேரம். தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக 1944-இல் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் மதுவும் எண்ணெயும் ஏற்றிவரப் பயன்பட்ட ரோமானிய ஆம்போரா சாடி ஒன்றின் உடைந்த துண்டைக் கண்டு, அது கிடைத்த இடத்தைத் தேடி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்ததும், 1945-இல் இங்கே அகழ்ந்ததும் பலர் கேள்விப்பட்ட கதைதான். அந்த அகழாய்வு ஏன் முக்கியமானது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்யப்பட்ட சிவப்புப் பளபளப்புப் பாண்டங்களின் காலம் ஐரோப்பாவில் ஏற்கனவே கணிக்கப்பட்டிருந்தது. அவற்றின் ஓடுகள் கிடந்த அதே அடுக்கில் உள்ளூர்ப் பாண்டங்களும் கிடந்ததால், அதுவரை ஆண்டு சொல்ல முடியாதிருந்த தென்னிந்திய மட்பாண்டங்களுக்கு முதன்முறையாகக் கி.பி. முதல் நூற்றாண்டு என்ற உறுதியான பிடிமானம் கிடைத்தது. வழிகாட்டி ஓர் அடுக்கு வரைபடத்தைப் பிரித்துக் காட்டி, ஒவ்வோர் அடுக்கையும் விரலால் தொட்டுத் தொட்டு இதைச் சொன்ன விதம், பாடப்புத்தகத்தில் கிடைக்காத தெளிவைத் தந்தது.

ஆனால் அவருடைய கதை வீலரோடு நின்றுவிடுகிறது. இது சிறு குறையன்று. வீலருக்குப் பிறகு 1947 முதல் 1950 வரை ழான்-மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் இங்கே அகழ்ந்தார்கள். ரோமானியர் வருவதற்கு முன்பே இங்கு ஊர் இருந்தது, அவர்களுடைய வணிகம் தளர்ந்த பிறகும் மக்கள் வாழ்ந்தார்கள் என்ற முடிவு பெக்லியின் அகழாய்வால் வலுப்பெற்றது. வீலர் மேலைநாட்டு இறக்குமதி எனக் கருதிய, உட்புறம் புள்ளிவரிகள் கொண்ட ரூலெட் தட்டுகள் இந்தியாவிலேயே வனையப்பட்டவை என்பதைப் பின்னர் நடந்த களிமண் ஆய்வுகள் காட்டின. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு "ரோமானியர் கிடங்கு", "ரோமானியர் துறைமுகம்" என்றே சொல்லிக்கொண்டு போனால், இங்கே மணி கோத்தவனும் பானையில் தமிழ்ப் பிராமியில் பெயர் கீறியவனும் யவனருக்கு ஏவல் செய்தவர்கள் என்ற எண்ணமே கேட்பவர் மனத்தில் தங்கும். கிரேக்க நூலான பெரிப்ளூஸ் குறிப்பிடும் பொடுகே துறைமுகம் இதுவாக இருக்கலாம் என்பதைப் பெருமையாகச் சொல்பவர்கள், அந்த ஊரை நடத்தியவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

அருங்காட்சியகத்தில் அந்தத் தட்டுகளின் ஓடுகளைக் கண்ணாடிக்கு அப்பால் அருகில் நின்று பார்க்கலாம். நன்றாக அரைத்த மெல்லிய களிமண், சாம்பலும் கருப்புமான வழுவழுப்பு, நடுவில் சுற்றிச் சுற்றி ஓடும் நுண்ணிய குத்துக்கள். சக்கரம் சுழலும்போதே கருவியை வைத்து அவற்றைப் பதித்திருக்கிறார்கள். பக்கத்தில் கடுகளவு கண்ணாடி மணிகள். உருகிய கண்ணாடியைக் குழாயாக நீட்டி இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்த இவ்வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருந்தன. அதே இழுப்பு முறை ஆந்திரத்தின் பாப்பாநாயுடுப்பேட்டையில் நம் காலம் வரை தொடர்ந்து வந்துள்ளது. நடையில் இதற்கு ஒதுக்கியிருக்கும் நேரம் போதாது. முதன்முறை வருபவர்கள் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு மேட்டுக்குச் சென்றால் தரையில் கிடக்கும் ஓட்டுக்கும் பொருள் புரியும் என்பது என் கருத்து. வெறும் மண்ணைப் பார்த்து எழும் கேள்வியோடு கண்ணாடிப் பேழைக்கு முன் நிற்பதே நல்லது என்பது வழிகாட்டியின் வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

என்னால் ஏற்க முடியாதது வேறொன்று. குழுவில் ஒரு சிறுவன் மேட்டில் கிடந்த ஓர் ஓட்டைப் பொறுக்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை வழிகாட்டி பார்த்தார், சிரித்தார், அவ்வளவுதான். மழைக்குப் பின் மேட்டில் மணி பொறுக்குவது இங்கே வெகுகாலப் பழக்கம் என்பது உண்மை. 1930-களில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ-துப்ரேய் இவ்விடத்தைக் கவனித்ததே ஊர்ச் சிறுவர்கள் கொண்டுவந்த மணிகளால்தான். ஆனாலும் மேற்பரப்பில் எந்த மூலையில் எவ்வகை ஓடு எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்று கணக்கெடுத்துத்தான் எங்கே குழி போடுவது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்கிறார்கள். ஞாயிறுதோறும் ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துச் சென்றால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் எழுப்பத் தடை என்று 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தை விளக்கியவர், சிறுவனிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நடை முடிந்ததும் இதை அவரிடமே தெரிவித்தேன். வண்டியில் ஏறும் முன்பே இனி அறிவுறுத்துவதாகச் சொன்னார்.

பள்ளி மாணவர்களை, குறிப்பாகப் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களை, தயங்காமல் அனுப்பலாம். மிகச் சிறிய குழந்தைகளுக்கு மண்ணடுக்குப் பாடம் சலிப்பூட்டும். மார்கழி, தை மாதங்களில் செல்வது உத்தமம். கோடையில் ஒன்பது மணிக்கே வெயில் சுடுகிறது. குடிநீரைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாளில் தனி நடை கேட்பவர்கள் அது திறந்திருக்குமா என்று முன்னதாக விசாரித்துக்கொள்ளவும்.