128 ஜிபி என்று சொல்லி விற்ற கார்டு: 12,500 ரூபாய் போய்விட்டது, நீங்கள் ஏமாறாதீர்கள்

கை நடுங்க நடுங்கத்தான் இதை எழுதுகிறேன். 12,500 ரூபாய். அம்மா கதை கேட்பதற்காக வாங்கிய டேப்லெட்டும் மெமரி கார்டும். இப்போது கையில் மிஞ்சியிருப்பது நகத்தளவு போலிக் கார்டு மட்டுமே.

அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டுவிட்டது. நாள் முழுவதும் புத்தகம் படித்தவரால் இப்போது பெரிய எழுத்தைக்கூடப் படிக்க முடிவதில்லை. நானும் தங்கையும் பல வருடங்களாகச் சேர்த்த ஒலிப்புத்தகங்கள் இருக்கின்றன. பழைய சிடிக்கள், லிப்ரிவாக்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைத்தவை, காசு கொடுத்து வாங்கியவை என எல்லாம் கலந்த தொகுப்பு. கையடக்கமான ஒரு டேப்லெட்டில் அவற்றை ஏற்றிக் கொடுத்தால் அவரே தொட்டுக் கேட்டுக்கொள்வார் என்று சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயரை இப்போது எழுதவில்லை. டேப்லெட், செல்போன் உதிரிப் பாகங்கள், மெமரி கார்டு எல்லாம் விற்கும் சிறிய கடை. வாசலில் எப்போதும் கூட்டம்.

கடைக்காரர் கேட்டது 12,500. டேப்லெட் 8,900, 128 ஜிபி கார்டு 2,200, சிடிக்களையும் பென் டிரைவில் இருந்த கோப்புகளையும் ஏற்றித் தர 1,400. டேப்லெட்டின் உள் நினைவகம் 16 ஜிபிதான், அதிலும் பெரும்பகுதியை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்ளும், அதனால் கார்டு கட்டாயம் வேண்டும் என்றார். அது உண்மைதான். எல்லாம் ஏற்றிய பிறகு டேப்லெட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து என் முகத்துக்கு நேரே காட்டினார். கார்டு 128 ஜிபி என்று திரையே சொன்னது. பட்டியலில் முதலில் இருந்த புத்தகத்தைத் தொட்டார். தெளிவாக ஒலித்தது. "அம்மாவுக்கு என்று சொல்கிறீர்கள் சார், அதில் போய் ஏமாற்றுவேனா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

முதல் சில புத்தகங்களை அம்மா நன்றாகவே கேட்டார். அதற்குப் பிறகு ஒரு நாவலின் நடுவில் ஒலி நின்றுவிட்டது. அடுத்த அத்தியாயமும் இல்லை, அடுத்த புத்தகமும் இல்லை. தான் எதையோ தவறாக அழுத்திக் கெடுத்துவிட்டதாக எண்ணி அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. கேட்க முடியாத கதைகளைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதற்காகவே அந்த ஆளை நான் மன்னிக்கமாட்டேன்.

கடைக்குப் போனேன். "உங்கள் கோப்புகள் எம்4பி வகை சார், டேப்லெட்டில் இருக்கும் பாட்டுச் செயலி அதை எடுக்காது" என்றார். ஒலிப்புத்தகங்களுக்கான எம்4பி கோப்புகளைச் சில செயலிகள் பட்டியலில் காட்டாது என்பது எனக்கும் தெரியும். விஎல்சி என்ற இலவசச் செயலியைப் போட்டால் அவை ஓடும். ஆனால் இங்கே ஊமையாகிப்போனவற்றில் பெரும்பாலானவை சாதாரண எம்பி3. அதைச் சொன்னதும் பேச்சு மாறியது. "கார்டை ஃபார்மட் செய்துவிட்டீர்களா? வெயிலில் வைத்தீர்களா?" என்று என்னையே விசாரித்தார்.

வீட்டுக்கு வந்து கார்டைக் கணினியில் செருகி எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் சோதித்தேன். அது கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். உண்மையில் இருந்தது 8 ஜிபிக்கும் குறைவு. கார்டின் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி எழுதி, 128 என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். கோப்புப் பட்டியல் கார்டின் தொடக்கத்தில் பதிவாகிறது. உண்மையான இடம் தீர்ந்த பிறகு ஏற்றியவை பதிவாகவே இல்லை. ஆகவே பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, உள்ளே ஒலி இல்லை. நொடிக்கு 64 கிலோபிட் அளவில் பதிவான எம்பி3 ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 29 எம்பி பிடிக்கும். 8 ஜிபியில் 270 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஏறும். எங்கள் தொகுப்பு அதைப்போல இரண்டு மடங்கு. கடையில் முதல் புத்தகத்தை மட்டும் ஏன் தொட்டுக் காட்டினார் என்பது அப்போதுதான் புரிந்தது.

சோதனை முடிவோடு மறுபடியும் போனேன். பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் கார்டு எங்கே சார் இருக்கிறது? கார்டு இலவசமாகக் கொடுத்தது, அதற்குக் கேரண்டி கிடையாது" என்றார். 2,200 ரூபாய் வாங்கிய கார்டு எப்படி இலவசமாகும்? பில்லில் 'டேப்லெட் 1' என்று எழுதி மொத்தமாக 12,500 போட்டிருக்கிறார். குரலை உயர்த்தியதும் டேப்லெட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னார், பார்த்துச் சரிசெய்து தருவார்களாம். இன்றுவரை அது திரும்பி வரவில்லை. கேட்டால் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்கிறார்கள். இப்போது தொலைபேசியை எடுப்பதே இல்லை. நேரில் போனால் முதலாளி இல்லை என்று கடைப் பையன் சொல்கிறான், முதலாளியின் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இந்த ஆத்திரத்தில் முடியவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். கடையில் கடைசிக் கோப்பைப் போட்டுக் கேளுங்கள், முதல் கோப்பை அல்ல. கார்டையும் அதன் விலையையும் பில்லில் தனி வரியாக எழுத வைத்து வாங்குங்கள். எந்தக் கார்டையும் பயன்படுத்தும் முன் முழுவதுமாகச் சோதியுங்கள். விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கு எஃப்3. சோதனையில் கார்டில் உள்ளவை அழிந்துவிடக்கூடும், ஆகவே காலியாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். ரசீது இல்லாமல் எதையும் பழுதுக்குக் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்துவிட்டேன். 12,500 ரூபாய் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். அந்தப் பில்லும் போலிக் கார்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.