கடற்கரை நிலையம் எதிரே ஓர் அத்தோ வண்டி

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிர்ப்புறம், செகண்ட் லைன் பீச் தெருவில் வரிசையாக நிற்கும் அத்தோ (பர்மிய நூடுல்ஸ் கலவை) வண்டிகளுள் பெயர்ப்பலகை இல்லாத ஒன்றில் மூன்று மாலைகள் சாப்பிட்ட பிறகே இதை எழுதுகிறேன்.

வண்டிக்காரப் பெரியவருக்கு எழுபது வயதாகிறது. ஆரஞ்சு நிற நூடுல்ஸைப் பிரித்துப் போட்டு, மெல்லியதாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், நொறுக்கிய பேஜோ (மொறுமொறுப்பான பொரித்த தட்டை), மிளகாய்த்தூள் ஆகியவற்றைச் சேர்த்து, பூண்டு எண்ணெயும் புளித்தண்ணீரும் ஊற்றி, கரண்டியைத் தொடாமல் விரல்களாலேயே பிசைகிறார். பர்மிய மொழியில் 'தொக்' என்றால் கலப்பது. அத்தோவின் பெயரே அந்தப் பிசைதலிலிருந்து வந்ததுதான். கையால் பிசைவது பிடிக்காதவர்கள் வேறு வண்டி பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டம் குறைந்த ஒரு மாலையில் அவரே பேச்சைத் தொடங்கினார். அவர் தந்தை 1942இல் ஜப்பானியக் குண்டுவீச்சுக்குத் தப்பி மணிப்பூர் வழியாக நடந்தே இந்தியா வந்து, போர் முடிந்ததும் ரங்கூனுக்குத் திரும்பி மளிகைக் கடை வைத்தவர். 1962இல் பர்மிய ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமற் போனதில் வீட்டிலிருந்த சேமிப்பும் போயிற்று. பத்து வயதில் பெரியவர் வந்திறங்கிய துறைமுகம் இந்த வண்டியிலிருந்து நடந்து போகும் தூரம்தான். அரசு ஆவணங்களில் அவர் 'தாயகம் திரும்பியவர்'. ஆனால் பிறந்தது ரங்கூனில், அதற்கு முன் இந்த மண்ணை மிதித்ததே இல்லை. 1969இல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்கான கடைவீதியாகப் பர்மா பஜார் தொடங்கியபோது தந்தைக்கு அங்கே இடம் கிடைக்கவில்லையாம். ஆகவே அம்மாவின் சமையல்தான் வண்டியேறியது.

அவித்த முட்டையைப் பிளந்து வெங்காயமும் மிளகாயும் புளித்தண்ணீரும் அடைத்துத் தரும் மசாலா முட்டையை அவசியம் கேளுங்கள். உடன் தரும் வாழைத்தண்டு சூப்பில் மிளகு தூக்கல். இரண்டாம் கிண்ணத்துக்குக் காசு வாங்குவதில்லை. மொய்ங்கா என்னும் பர்மிய நூடுல்ஸ் சூப் சுமார்தான்.

குறைகளும் உண்டு. உட்கார இடமில்லை, கை கழுவ ஒரே வாளித் தண்ணீர். இரவு எட்டு மணிக்கு மேல் பேரன் பொறுப்பேற்கிறார். கையுறை அணிந்து சுத்தமாகத்தான் கலக்குகிறார், ஆனால் புளிப்பு குறைந்து உப்பு கூடிவிடுகிறது. பார்சல் வாங்கினால் பேஜோவைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். நான் சொல்ல மறந்ததால், வீடு சேர்வதற்குள் எல்லாம் நமுத்துப் போயிருந்தது.