மடக்குக் கத்தியா, உறைக் கத்தியா?

அமெரிக்காவில் நல்ல கைவினைஞரிடம் கத்தி சொல்லிச் செய்துகொள்வதென்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெயர் பெற்றவர்களிடம் வருடக்கணக்கில்கூட ஆகும். விலையும் சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரங்களுக்குப் போகும். அதனால் பாக்கெட்டில் கிடக்கும் மடக்குக் கத்தியா, இடுப்பில் தொங்கும் உறைக் கத்தியா என்பதை ஆர்டருக்கு முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். வெட்டும் வேலைக்கு உறைக் கத்திதான். மடக்குக் கத்தி ஜெயிப்பது சட்டத்தின் முன்னால்.

முதலில் வேலை. உறைக் கத்தியில் அலகும் பிடிக்குள் ஓடும் எஃகும் ஒரே துண்டு. அசையும் பாகம் என்று எதுவும் கிடையாது. கலிஃபோர்னியாவில் பட்டறை வைத்திருந்த பாப் லவ்லெஸ் (1929–2010) பிரபலமாக்கிய 'டிராப் பாயிண்ட்' அலகைப் பாருங்கள். கத்தியின் முதுகு முனையை நோக்கி மெல்லச் சரிந்து இறங்கும். மானின் வயிற்றைக் கீறும்போது முனை குடலைக் குத்திவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். வேட்டைக்கே போகாதவர் கையிலும் அந்த வடிவம் அழகாக உட்காரும். மூன்று அங்குல அலகு இருந்தால் அட்டைப்பெட்டி, கயிறு, மாம்பழம் எல்லாம் ஆகும். வேலை முடிந்ததும் குழாயடியில் காட்டித் துடைத்து உறையில் செருகினால் தீர்ந்தது.

அதே மாம்பழத்தை மடக்குக் கத்தியால் நறுக்கினால் சாறு அச்சாணி வரை இறங்கிப் பிசுபிசுக்கும். திருகைக் கழற்றித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, திரும்பப் பூட்ட வேண்டும். ஆனால் கைவேலையின் நுட்பம் குடியிருப்பதும் அங்கேதான். 1980களின் தொடக்கத்தில் கத்திக் கைவினைஞர் மைக்கேல் வாக்கர் இன்றைய 'லைனர் லாக்' பூட்டை உருவாக்கினார். அலகு முழுதாகத் திறந்ததும் பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு தானாக நகர்ந்து அலகின் அடிப்பகுதிக்கு முட்டுக்கொடுக்கும். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஐடஹோவுக்கு வந்த கிறிஸ் ரீவ், தன் செபென்சா கத்தியில் டைட்டானியப் பிடியின் ஒரு பக்கத்தையே பூட்டாக்கினார். முட்டும் முகத்தின் சாய்வு கொஞ்சம் கூடினால் பூட்டு வழுக்கும், குறைந்தால் இறுகிக்கொண்டு விடுபட அடம்பிடிக்கும். ஒரே கைவினைஞர் இரண்டும் செய்தால் பெரும்பாலும் மடக்குக் கத்திக்கு விலை கூடுவது இந்த உழைப்பால்தான்.

உறுதி என்று வந்தால் போட்டியே இல்லை. 1976-ல் பில் மோரன் தொடங்கிவைத்த, கத்தி அடிக்கும் கொல்லர்களின் சங்கமான அமெரிக்கன் பிளேடுஸ்மித் சொசைட்டியின் தேர்வில், தொங்கவிட்ட ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் துண்டாக்க வேண்டும். பிறகு மரச்சட்டங்களைக் கொத்தி வெட்ட வேண்டும். அதற்கப்புறமும் கைமுடியை மழிக்கும் கூர்மை இருக்க வேண்டும். கடைசியில் கத்தியை வைஸில் பிடித்து 90 டிகிரி வளைத்தாலும் அலகு உடையக் கூடாது. மடக்குக் கத்தியின் அச்சாணி இதில் பாதிகூடத் தாங்காது.

எஃகைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். தினமும் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் கத்திக்கு வியர்வைதான் எதிரி. 2021-ல் வந்த, உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்த மேக்னாகட் எஃகு துருவுக்கும் நன்றாகத் தாங்கும், கூரும் நிற்கும். கார்பன் எஃகுதான் வேண்டும் என்றால் சரி, ஆனால் அதைத் தோல் உறைக்குள்ளேயே நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள்.

இனி சட்டம். என் உறுதியான தேர்வு இங்கேதான் ஆட்டம் காண்கிறது. துப்பாக்கிக்கு அனுமதி இருந்தால் கத்திக்கும் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். டெக்சாஸைப் பாருங்கள். 2016 தொடக்கத்திலிருந்து லைசென்ஸ் உள்ளவர் கைத்துப்பாக்கியை இடுப்புறையில் எல்லோரும் பார்க்கத் தொங்கவிட்டு நடக்கலாம். கத்திக்குப் பேர்போன வீரர் ஜிம் போவி போரில் உயிர்விட்ட அலமோ கோட்டை இருக்கும் அதே மாநிலத்தில், அவர் பெயர் தாங்கிய பெரிய போவி கத்தியோடு தெருவில் நடப்பது 2017 செப்டம்பர் 1 வரை குற்றம். அதன் பிறகுதான் தடை நீங்கியது. இன்றும் ஐந்தரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகைப் பள்ளி, நீதிமன்றம், மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களுக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் 2021-லிருந்து அங்கே 21 வயது நிறைந்த பெரும்பாலோருக்குக் கைத்துப்பாக்கியோடு வெளியே நடக்க லைசென்ஸே தேவையில்லை.

மாநிலம் மாறினால் விதி தலைகீழாகிவிடும். கலிஃபோர்னியாவில் மடித்த கத்தியைப் பாக்கெட்டில் மறைத்து வைக்கலாம். உறைக் கத்தியை மறைத்தால் குற்றம், இடுப்பில் வெளியே தெரியும்படி தொங்க வேண்டும். நியூயார்க் நகரத்தில் கத்தி வெளியே தெரிவதே குற்றம். வேலை, மீன்பிடிப்பு போன்ற சில விலக்குகள் உண்டு. நான்கு அங்குலமும் அதற்கு மேலும் என்றால் மறைத்தாலும் ஆகாது. ஒரு இடத்தில் சட்டப்படி நடந்த அதே ஆள், அதே கத்தியோடு, அடுத்த இடத்தில் கைதாகலாம்.

மடக்குக் கத்திக்கும் எல்லாக் காலத்திலும் நிம்மதி இருந்ததில்லை. மணிக்கட்டை உதறினால் திறந்துகொள்ளும், அதனால் தடைசெய்யப்பட்ட 'கிராவிட்டி கத்தி' என்று சொல்லி நியூயார்க்கில் சாதாரண வேலைக்காரர்களையெல்லாம் பிடித்தார்கள். 2019-ல்தான் அந்தத் தடை போனது. பட்டனை அழுத்தினால் அலகு தானாகத் திறக்கும் பட்டன் கத்திக்கு 1958-ம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் வேறு இருக்கிறது. துப்பாக்கி வழக்கு ஒன்று கத்திக்காரர்களுக்குக் கைகொடுத்ததும் உண்டு. வெளியே துப்பாக்கி கொண்டுபோகும் உரிமையை உறுதிசெய்த, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2022 புரூவன் தீர்ப்பை வைத்து, மாசசூசெட்ஸ் மாநில உயர் நீதிமன்றம் 2024-ல் பட்டன் கத்தித் தடையைச் செல்லாது என்றது.

நெடும்பயணம் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. தோட்டா நீக்கிய துப்பாக்கியைக் கைக்கெட்டாமல் பூட்டி வைத்து மாநிலங்களைக் கடப்பவருக்கு 1986-ம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. கத்திக்கு அப்படி எதுவும் இல்லை. விமானத்தில் இரண்டையும் செக்-இன் பெட்டியில்தான் வைக்க முடியும்.

அதனால் டெக்சாஸ் மாதிரி இடத்தில் இருந்து, வெளிவேலை அதிகம் என்றால், மூன்று அங்குல உறைக் கத்திக்கு ஆர்டர் கொடுங்கள். பெருநகர அலுவலகம், அடிக்கடி பயணம் என்றால் மடக்குக் கத்தியே சரி. உறையிலிருந்து கத்தி உருவுவதைப் பார்த்தால் பக்கத்து மேஜைக்காரருக்கும் பயமாக இருக்கும். கூட்டாட்சி அரசுக் கட்டடங்களுக்குப் போகிற வேலை இருந்தால் அலகு இரண்டரை அங்குலத்துக்குக் குறைவாக இருக்கட்டும். அளவை முனையிலிருந்து பிடி தொடங்கும் இடம் வரை கணக்கிட்டு, கைவினைஞரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.