டேட்டாவா, ஃபைபரா, டிவியா: கிராமத்துப் பிள்ளைக்கு எது சரி?

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடியபோது, தமிழ்நாட்டுக் கிராமங்களில் பாடம் வந்தது வீட்டு டிவியிலும் அப்பாவின் செல்போனிலும்தான். இப்போது ஃபைபர் கேபிள் வழி வரும் இணையமும் சேர்ந்திருக்கிறது.

செல்போனில் டேட்டா ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் பேக் போட்டால், 360பி தரத்தில் ஒரு மணி நேர வீடியோவுக்குச் சுமார் 300 எம்பி. மூன்று நான்கு மணி நேரம் தாராளமாக ஓடும். பிரச்சினை போன்தான். வீட்டில் இருப்பது ஒன்று. அது காலையிலேயே அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி சார்ஜ் இல்லாமல் திரும்பும் நேரத்தில் ஊரே அந்த ஒரு டவரில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அக்காவும் தம்பியும் படிக்கிற வீட்டில் போன் முதலில் யார் கைக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. செல்போன் சிக்னல் வேண்டாம், டேட்டா ரீசார்ஜ் வேண்டாம். ஆனால் புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்க முடியாது. சின்ன வகுப்புகளுக்குப் பரவாயில்லை. பத்தாம் வகுப்புக் கணக்குக்குப் போதாது.

ஃபைபர் வேகத்தில் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில், தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் வேலை மாநில அரசு நிறுவனமான டான்ஃபினெட்டுடையது. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் வருவது வேறு, வீட்டுக்கு லைன் இழுப்பது வேறு. மாதாமாதம் பில், கரண்ட் போனால் ரௌட்டரும் போச்சு. கூலி வேலைக்குப் போகிற வீட்டுக்கு, கையில் காசு இருக்கும்போது போட்டுக்கொள்ளும் ரீசார்ஜ்தான் தோதுப்படும். அதனால் வீட்டுக்கு வீடு ஃபைபர் என்பதைவிட ஊர் நூலகத்தில் ஒரு லைன், நாலு கணினி என்பதற்கே என் ஓட்டு. சாயங்காலம் ஏழெட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும். ஐந்து மணிக்குப் பூட்டினால் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு அதனால் ஒன்றுமில்லை.

அப்புறம், பலரும் கண்டுகொள்ளாத ஒரு வழி: பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடு. மத்திய அரசின் கல்விச் செயலியான திக்‌ஷாவில் அதை ஸ்கேன் செய்து, சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் பாடத்தை இறக்கிக்கொண்டால், வீட்டில் நெட் இல்லாமலே பார்க்கலாம். வீடியோக்களின் தரம் ஏற்ற இறக்கம்தான். ஆனாலும் ஒற்றைப் போன் வீட்டில் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அப்பா தூங்கியபின் நாளைய பாடத்தை இறக்கி, அதை வீட்டில் கிடக்கும் பழைய போனுக்கு மாற்றிவிடுங்கள். அதில் சிம் கூட வேண்டாம்.