திருப்பூர் எக்ஸ்போர்ட் வேலைக்காக ஸ்பானிஷ் படிச்சேன்: அஞ்சு வருஷ அனுபவம்

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா, அதாவது பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவுல ஆர்டரப் பாத்துக்கற ஆளா இருக்கேங்க. எங்க பையர்ஸ்ல பாதிப் பேரு ஸ்பெயின்காரங்க. 2020 லாக்டவுன்ல ஆர்டர் எல்லாம் நின்னு வீட்ல உக்காந்திருந்தப்ப ஸ்பானிஷ் ஆரம்பிச்சேன், இன்னும் விடல. படிக்கலாமா வேண்டாமான்னு நம்ம லைன்ல நிறையப் பேர் கேக்கறாங்க, அதான் எழுதறேன்.

எனக்குக் கெடச்ச பெரிய லாபத்த மொதல்லயே சொல்லிடறேன். நான் ஸ்பானிஷ் பேசறது ரெண்டாவதுங்க. அவங்க எழுதற இங்கிலீஷ் எனக்குப் புரிய ஆரம்பிச்சதுதான் மொத லாபம்.

2019ல ஒரு பையர்கிட்ட இருந்து மெயில் வந்துச்சு, 'ஈவென்சுவலி வீ வில் நீட் 6,000 பீசஸ் மோர் இன் நேவி'ன்னு. கொஞ்ச நாள் கழிச்சு எப்படியும் ஆர்டர் வரும்னுதானே நாம படிப்போம், அப்பவே புக் பண்ணாதான் ரேட் கெடைக்கும்னு ஒரு டன்னுக்கு மேல நூல் எடுத்துட்டோம். ஆர்டர் வரவே இல்ல. கேட்டா நாங்க எப்ப கன்ஃபர்ம் பண்ணோம்னாங்க. எங்க ஓனர் அந்தப் பையர் மேல வெச்சிருந்த நம்பிக்கையே போச்சு, நூல் தீபாவளி தாண்டியும் குடோன்ல கெடந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் காலைல ஆன்லைன் கிளாஸ்ல டீச்சர் 'எவென்துவால்மென்தே'ன்னு ஒரு வார்த்தை போட்டு, இதுக்கு அர்த்தம் 'ஒருவேளை தேவைப்பட்டா'ன்னாங்க. எனக்கு அப்படியே கை நின்னு போச்சு. கிளாஸ் முடிஞ்ச உடனே அந்தப் பழைய மெயிலத் தேடி எடுத்து மறுபடி படிச்சேன், பாவம் அவங்க ஏமாத்தவே இல்லீங்க, 'தேவைப்பட்டா இன்னும் 6,000 பீஸ் வேணும்'னு ஸ்பானிஷ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல எழுதிருக்காங்க.

இந்த மாதிரி வார்த்தை நிறைய இருக்கு. 'வீ ஹேவ் எ காம்ப்ரமைஸ் வித் தி ஸ்டோர்ஸ்'னு எழுதினா விட்டுக் கொடுக்கறாங்கன்னு நெனச்சு டேட் தள்ளிடாதீங்க, 'கொம்ப்ரொமீஸோ'ன்னா வாக்குக் கொடுத்துட்டோம்னு அர்த்தம், டேட்டு மாறாது. 'வீ ப்ரிடெண்ட் டு லாஞ்ச் இன் மார்ச்'னா மார்ச்ல லாஞ்ச் பண்ற எண்ணத்துல இருக்காங்க. 'ஆக்சுவல் ப்ரைஸ்'னா இப்போதைய வெல. இந்த நாலு வார்த்தை தெரிஞ்சாலே மெயில்ல வர்ற சண்டைல பாதி கொறையும்.

நம்பர்லயும் கவனம் வேணுங்க. ஸ்பெயின்ல இருந்து வர்ற ஷீட்ல 2,15ன்னு இருந்தா அது ரெண்டு யூரோ பதினஞ்சு சென்ட், 1.200ன்னு இருந்தா ஆயிரத்து இருநூறு பீஸ். நம்ம எக்ஸெல்ல அப்படியே பேஸ்ட் பண்ணா 1.200ங்கறது ஒண்ணே கால் கூட இல்லாம போயிடும். மெக்சிகோக்காரங்க ஆனா தசமத்துக்கு நம்ம மாதிரியே புள்ளி வெச்சுதான் எழுதுவாங்க, அதனால எந்த நாட்டு ஷீட்டுன்னு பாத்துட்டுத் தொடுங்க.

படிக்கற விஷயத்துக்கு வர்றேன். மொத ஆறு மாசம் ஒரு மொபைல் ஆப்லயே ஓட்டினேன், அது வேலைக்கு ஆகல. ஆப்பிள் சாப்பிடறேன், பூனை பால் குடிக்குதுன்னே போகுது, ஷிப்மென்ட்டுக்கு அதுல ஒரு வரி கூட வராது. அப்புறம் இங்கிலீஷ் வழியா படிச்சதும் எனக்குச் சரிப்படல. 'மே குஸ்தா எல் கஃபே'ங்கறத 'ஐ லைக் காஃபி'ன்னு போட்டுட்டு, ஏன் 'ஐ' வரலன்னு ரெண்டு பக்கத்துக்கு வெளக்கம். தமிழ்ல அது 'எனக்குக் காபி பிடிக்கும்', அவ்ளோதான், அப்படியே உக்காருது. 'நோஸ் ஃபால்தான் தோஸ் காஹாஸ்'னா 'எங்களுக்கு ரெண்டு பொட்டி கொறையுது'. 'பேசறேன், பேசறோம்'னு நமக்கு முடிவுலயே ஆள் தெரியற மாதிரி அங்கயும் 'ஆப்லோ, ஆப்லாமோஸ்'. 'தூ, உஸ்தெத்' ரெண்டும் நீ, நீங்க. 'மஞானா'ன்னா நாளைக்கு, அதுல வர்ற ஞ நம்ம ஞதான். த சுத்தமான த. தமிழ் வழியா யோசிக்க ஆரம்பிச்ச பொறவு வேகமா ஏறுச்சு, இத யாராவது மொத நாளே சொல்லியிருந்தா எனக்கு ஒரு வருஷம் மிச்சமாயிருக்கும்.

ஆனா நோட்டுல தமிழ் எழுத்துல மட்டும் எழுதி வெச்சுக்காதீங்க. வெயிட்டுக்கு 'பெஸோ', முத்தத்துக்கும் 'பெஸோ'ன்னுதான் நம்ம எழுத்துல வரும், மொத எழுத்தோட சத்தம் வேற. பேக்கிங் லிஸ்ட் பத்திப் பேசறப்ப இது மாறிடக் கூடாது. அதே மாதிரி சட்டைக்கும் இன்வாய்ஸுக்கும் ஆண்பால் பெண்பால் பாக்கறது நமக்குப் பழக்கமே இல்ல, எனக்கு இப்பவும் தப்பும்.

டீச்சர் விஷயம் முக்கியம். மொதல்ல கொலம்பியால இருந்து ஒரு டீச்சர், எனக்குக் காலைல ஆறு மணின்னா அவங்களுக்கு முந்தின நாள் ராத்திரி ஏழரை, நேரம் நல்லா செட் ஆச்சு. தெளிவா நிதானமா பேசுவாங்க, அவங்களாலதான் எனக்கு வாய் தொறந்துச்சு. ஆனா ஸ்பெயின் பையர் லைன்ல வந்தப்ப நன்றிக்குச் சொல்ற 'க்ராஸியாஸ்' எல்லாம் 'க்ராத்தியாஸ்' ஆயிடுச்சு, 'நீங்கல்லாம்'ங்கறதுக்கு 'வொஸோத்ரோஸ்'னாங்க, அது நான் பழகாத வார்த்தை, ஒண்ணுமே புடிபடல. அப்புறம் ஸ்பெயின் டீச்சருக்கு மாறினேன். உங்க பையர் எந்த நாடோ அந்த நாட்டு டீச்சர்கிட்டப் படிங்க.

2024 ஜனவரில செங்கடல்ல கப்பல்களத் தாக்கிட்டு இருந்த பிரச்சனைல எங்க கன்டெய்னர் தூத்துக்குடில இருந்து போயி ஆப்பிரிக்காவச் சுத்திப் போச்சு. வலென்சியால இருக்கற குடோன் மேனேஜருக்கு இங்கிலீஷ் வராது, முன்னாடியெல்லாம் பையர் வழியா சொல்லி அவர் பதில் வந்து சேர நாலு மெயில் ஆகும். அன்னிக்கு ஒரு வெள்ளப் பேப்பர்ல அஞ்சு வரி எழுதி வெச்சுட்டு நானே போன் போட்டேன். வயசானவர் குரல். 'ரெத்ராஸோ', லேட்டாகும்னு ஆரம்பிச்ச உடனே 'குவாந்தோஸ் தீயாஸ்?', எத்தன நாளுன்னார். 'தோஸ் ஸெமானாஸ்'னேன், ரெண்டு வாரம். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, பேப்பர் பொரட்டற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் 'வாலே', சரின்னு சொல்லிட்டு எறக்கற தேதிய அவரே மாத்திப் போட்டுக்கிட்டார். வைக்கறதுக்கு முன்னாடி, என்னை நீங்கன்னு கூப்பிடாத, நீன்னே சொல்லுன்னார். நம்ம பக்கம் பெரியவங்கள அப்படிக் கூப்பிட வாயே வராதுங்க, ஆனா அவங்க ஊர்ல நெருங்கிட்டோம்னு அர்த்தம். இப்ப ஏதாவது பிரச்சனைன்னா அவர் நேரா எனக்குத்தான் வாட்ஸ்அப் பண்றார்.

சர்டிஃபிகேட் வேணும்னா இன்ஸ்டிடியூட்டோ செர்வாந்தெஸ் நடத்தற டெலே பரீட்சை இருக்கு, டெல்லில அவங்க சென்டர் இருக்கு. பாஸ் பண்ணா எக்ஸ்பைரி கெடையாது. பி1ங்கற நடு லெவல்ல படிக்கறது எழுதறது ஒரு குரூப், கேக்கறது பேசறது ஒரு குரூப், ரெண்டுலயும் 50க்கு 30 தனித்தனியா எடுக்கணும். நான் பி1 முடிச்சேன். மெயில், போன், சாம்பிள் கமெண்ட்டுக்கு பி1 போதும். ரேட் பேசறதுக்குப் பத்தாது, அத இன்னமும் இங்கிலீஷ்லயேதான் பேசறேன்.

போன மாசம் மெக்சிகோல இருந்து ஒரு என்கொயரி. டி-ஷர்ட்டுக்கு 'கமிஸேதா'ன்னு போட்டு கொட்டேஷன் அனுப்பினேன், பதில் பூரா 'ப்லயேரா'ன்னு வந்துச்சு. டீச்சர்கிட்டக் கேட்டா அர்ஜென்டினால 'ரெமேரா', சிலில 'பொலேரா'ன்னாங்க, எல்லாம் நம்ம தைக்கற அதே டி-ஷர்ட்தான். புது நோட்டு ஒண்ணு வாங்கி மொதப் பக்கத்துல இந்த நாலையும் எழுதியிருக்கேன்.