கஞ்சியைத் தேடினால் ‘போய்வருகிறேன்’ என்கிறது: ஒரு செயலி அனுபவம்

சீனாக்காரர்களுக்கு ஆங்கிலச் சொற்களை விளக்குகிற அகராதிச் செயலி ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அதாவது தெரிந்த ஆங்கிலத்தை வைத்துத் தெரியாத சீனத்தைப் பொறுக்க, ஆறு மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூர் யார்டில் கூட வேலை பார்க்கிற சீனத்து அண்ணன் ஏற்றிக் கொடுத்தது. திட்டப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

லீவுக்குக் குமரி மாவட்டத்துக் கருங்கலுக்கு வந்திருக்கிறேன். காலையில் அம்மா கஞ்சி விட்டு, பயறும் காணத் (கொள்ளுத்) துவையலும் வைத்து, சுட்ட சாளைக் கருவாட்டை ஓரமாகப் போட்டார். வீட்டில் கரண்டி இருந்தாலும் எனக்குப் பிலாவிலையை, அதாவது பலா இலையை, மடக்கிக் கோட்டி ஈர்க்கில் குத்தித்தான் கோர வேண்டும். இரண்டு வாய் குடித்துவிட்டு, சும்மா இருக்காமல் ‘கான்ஜி’ (congee) என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தேன். முதல் பொருள் ‘காவ்பியே’, விடைபெறுதல். இரண்டாவது, குனிந்து வணங்குதல். கஞ்சி மூன்றாவது இடத்தில் நிற்கிறது!

தப்பு என்றும் சொல்ல முடியாது. பிரெஞ்சிலிருந்து வந்த பழைய ஆங்கிலச் சொல் ஒன்றுக்கும் இதே எழுத்துதான், ஆனால் அது வழக்கொழிந்த சொல். இதை நம்பி ஒருவர் மேனேஜரிடம் போய் “கான்ஜி” சொல்லி விடைபெற்றால் என்ன ஆகும்? சொல் எங்கிருந்து வந்தது என்றும் ஒரு வரி இல்லை. அந்த அண்ணன் இதைத் தென்சீனத்துக் கான்டனீஸ் மொழிச் சொல் என்றே நினைத்திருந்தார், நம்ம ஊர்க் கஞ்சிதான் ஆங்கிலத்துக்குப் போய் இப்படி ஆனது என்றதும் நம்பவில்லை. ஆங்கிலத்தில் கலந்த நம்ம ஊர்ச் சொற்களுக்கென்று 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே தமிழ்ச் சொல் என்கிறது, அதில் ‘கான்ஜி ஹவுஸ்’ என்று பட்டாளத்து லாக்கப்பும் இருக்கிறது, உள்ளே போனால் கஞ்சிதானே!

ஆனால் செயலியில் பயன்பாட்டுக் குறிப்பு எழுதிய ஆள் கெட்டிக்காரர். சீனத்தில் ‘ஜோவ்’ என்றால் அரிசிக் கஞ்சியும் அதுதான், ஓட்ஸ் கஞ்சியும் அதுதான், ஆங்கிலத்தில் அரிசிக்குக் கான்ஜி, பிரிட்டிஷ்காரர் வெறுமனே பாரிட்ஜ் என்றால் பெரும்பாலும் ஓட்ஸ், குழப்பாதே என்கிறது. அப்புறம் இன்னொன்று: சீனத்தில் ‘ஹ ஜோவ்’, கஞ்சி குடி. ஆங்கிலத்தில் ‘ஈட்’ அல்லது ‘ஹேவ்’ போடு, ‘டிரிங்க்’ போடாதே என்று சிவப்பில் எச்சரிக்கை. நானும் இத்தனை வருஷமாக டிரிங்க் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் திருத்தியதில்லை. சீனருக்கு எழுதிய எச்சரிக்கை தமிழனுக்கு அப்படியே பொருந்துகிறது. (கான்டனீஸ் பேசுகிறவர்கள் மட்டும் ‘சிக் ஜுக்’, கஞ்சி தின்பார்களாம், அண்ணன் சொன்னது.)

அம்மாவிடம் சொன்னேன். “அப்ப அவனுவளும் கஞ்சிதான் குடிக்கியானுவளா மக்கா? தொட்டுக்க என்ன?” என்றார். அதற்குச் செயலியில் பதில் இல்லை.

உச்சரிப்புக் குரல் தெளிவு, நெட் இல்லாமலும் ஓடும். விளம்பரம்தான் உயிரை எடுக்கிறது, நாலு சொல் தேடினால் ஒரு வீடியோ. குறிப்புகளுக்காக 5-க்கு 3. பொருள்களை மட்டும் வரிசை மாற்றிப் போட்டால் இன்னொரு நட்சத்திரம் தரலாம்.