குன்னூர் பங்களா ஏலத்தில் பழைய வாட்ச்: டயலைப் பார்த்து விலை கேளுங்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய பங்களாக்கள் கைமாறும்போது உள்ளே இருக்கும் சாமான்கள் ஏலத்துக்கு வருவதுண்டு. தேக்கு மேசை, பீங்கான், பித்தளை விளக்கு என்று வரிசையாகப் போய், கடைசியில் ஒரு தட்டு நிறைய வாட்ச்களும் வரும். தோட்ட மேலாளர்களும், வெலிங்டனில் இருந்து ஓய்வு பெற்ற ராணுவக்காரர்களும் குடியிருந்த வீடுகள் என்பதால் வெஸ்ட் எண்ட், ஃபேவர் லூபா, எச்எம்டி இந்த மூன்று கம்பெனி வாட்ச்களும்தான் அதிகம். அப்படி நடக்கும் ஏலம் ஒன்றைப் பற்றியது இது. சரக்கு நல்ல சரக்கு; முந்தின நாளே கையில் எடுத்துப் பார்க்க விடுகிறார்கள். விவரப் பட்டியலை மட்டும் நம்பவே கூடாது.

பட்டியலில் "டயல் புதிது போல உள்ளது" என்று போட்டிருந்தால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐம்பது வருஷம் மலையில் கிடந்த வெள்ளி டயல் பளிச்சென்று இருப்பது அபூர்வம். பெரும்பாலும் அது மறுபடி பூசி அச்சடித்த டயலாக இருக்கும். பூசியது என்று எழுதி விற்றால் யாருக்கும் வருத்தமில்லை. அதை எழுதாமல் விடுவதுதான் இந்த ஏலத்தின் பெரிய குறை.

டயலுக்கு ஏன் இத்தனை கவனம்? மெஷின் நின்றிருந்தால் கழுவி எண்ணெய் போட்டு ஓட வைக்கலாம், உடைந்த பாகத்தை இன்னொரு வாட்சிலிருந்து எடுத்துப் போடலாம். கெட்டுப்போன டயலைப் பழையபடி கொண்டுவர வழியே இல்லை. பித்தளைத் தகடு, அதன்மேல் வெள்ளி முலாம், எழுத்து, மேலே லாக்கர் என்ற மெல்லிய காப்புப் பூச்சு. கிரவுனுக்குள், அதாவது சாவி கொடுக்கத் திருகும் குமிழுக்குள், இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து இறுகியதும் மலை ஈரம் உள்ளே நுழைகிறது. இரவுக் குளிரில் கண்ணாடியின் உட்புறம் நீராகப் படிகிறது. லாக்கர் முதலில் மஞ்சளாகும், பிறகு கொப்புளித்து உரியும். கறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூன்று மணிப் பக்கம் மட்டும் கறுத்திருந்தால் ஈரம் கிரவுன் வழியாக வந்திருக்கிறது; சாவி கொடுக்கும் தண்டும் அதைச் சுற்றிய சக்கரங்களும் துருப்பிடித்திருக்கலாம், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓரம் முழுக்க வளையம் போலக் கறை இருந்தால் கண்ணாடி சரியாக உட்காரவில்லை. நடுப்பகுதி சுத்தமாக, ஓரம் மட்டும் சீராகப் பழுத்த டயலைத் தயங்காமல் கேட்கலாம்.

பார்க்கும் இடமும் முக்கியம். ஏலக் கூடத்தின் ட்யூப்லைட்டில் எந்தக் குறையும் தெரியாது. கேட்டால் வராந்தாவுக்கு எடுத்துப் போக விடுகிறார்கள், மூடுபனி இறங்குவதற்கு முன்பே போய்விடுங்கள். பத்து மடங்கு லென்ஸ், சின்ன டார்ச், ஒரு யூவி (புற ஊதா) டார்ச் போதும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் லாக்கர் உப்பல் நிழலோடு தெரியும். கீறலின் நிழல் டார்ச்சோடு சேர்ந்து நகர்ந்தால் அந்தக் கீறல் கண்ணாடியில் இருக்கிறது. அக்ரிலிக் கண்ணாடியை பாலிஷ் போட்டுத் தேற்றிவிடலாம், அதற்காக விலையைக் குறைக்க வேண்டியதில்லை.

மறுபூச்சைக் காட்டிக்கொடுப்பது எழுத்துதான். ஆலை அச்சில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கும். மறு அச்சில் மை லேசாகப் பரந்து எழுத்து தடித்துவிடும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளின் நடுவில் வந்து சேர்கின்றனவா, சின்ன விநாடி வட்டத்தின் மையம் முள்ளின் மையத்தோடு ஒத்துப்போகிறதா, ஸ்விஸ் வாட்ச் என்றால் ஆறு மணிக்குக் கீழே இருக்க வேண்டிய "ஸ்விஸ் மேட்" வரி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய பூச்சை எடுக்கத் தேய்த்ததில் தேதி ஜன்னலின் விளிம்பு மழுங்கியிருக்கும். டயலின் வெளி ஓரத்தில் அரத்தால் போட்ட சின்ன வெட்டு இருந்தால் அதுவும் பூச்சுக்காரர் போட்ட அடையாளமாக இருக்கலாம். ஆனால் அதைப் பார்க்க மெஷினை வெளியே எடுக்க வேண்டும், இங்கே பின்மூடியைக்கூடத் திறக்க விடுவதில்லை.

எச்எம்டியின் பைலட் மாடலில் கூடுதல் எச்சரிக்கை தேவை. எச்எம்டி 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கூட்டுறவோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. 2016-இல் வாட்ச் பிரிவை மூட அரசு முடிவெடுத்த பிறகு விலை ஏறியது, மறுபூச்சும் பெருகியது. ஆரஞ்சு, பச்சை, சிவப்பு டயலோடு பைலட் வந்தால் பூச்சு என்றே எடுத்துக்கொண்டு கேளுங்கள். வெஸ்ட் எண்ட் சோவார் வாட்சை 1920-களுடையது என்று சொல்லி, டயலில் "இன்காப்ளாக்" என்று எழுதியிருந்தால் ஏதோ ஒன்று பொய். அந்த அதிர்வு தாங்கி 1930-களில்தான் வந்தது.

இருட்டில் ஒளிரும் பூச்சுக்கு யூவி டார்ச். ரேடியமோ ட்ரிடியமோ பூசிய பழைய டயல், டார்ச்சை அணைத்ததும் அநேகமாக உடனே இருண்டுவிடும். பல நிமிடம் பச்சையாக ஒளிர்ந்தால் புதிதாகப் பூசியிருக்கிறார்கள். முள்ளில் இருக்கும் பூச்சும் டயலில் இருப்பதும் ஒரே நிறமாகப் பழுத்திருக்க வேண்டும். ஒன்று வெள்ளை, ஒன்று காவி என்றால் முள் மாற்றியது. "ஸ்விஸ்" என்ற சொல்லின் இருபுறமும் டி (T) என்ற எழுத்து இருந்தால் ட்ரிடியம். ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது கதிர்வீச்சு பாதியாகக் குறையும் காலம், சுமார் 1600 வருஷம். ஒளிராது போனாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. அந்த வாட்சை வீட்டில் திறக்காதீர்கள், உதிரும் தூளைச் சுரண்டவோ ஊதவோ கூடாது.

விற்பனை "உள்ளது உள்ளபடி". மூன்றாம் தரம் சொன்ன பிறகு திருப்பித் தர முடியாது. ஆகவே உச்ச விலையை முந்தின நாளே எழுதி வைத்துவிடுங்கள். நல்ல டயலோடு அந்த வாட்சுக்கு 10,000 ரூபாய் தகும் என்றால், சர்வீஸுக்கு 2,000 கழித்து, ஏலக்காரர் கட்டணமாகப் பத்து சதவீதம் போட்டால் உங்கள் ஏலக் கேள்வி ஏறக்குறைய 7,200-இல் நிற்க வேண்டும். மறுபூச்சு டயல் என்றால் அதிலும் பாதிக்கு மேல் போகாதீர்கள். வாங்கிய கையோடு சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டாம், காய்ந்த எண்ணெயில் சக்கரங்களின் அச்சு முனைகள் தேயும். டயலை ஈரத் துணியால் துடைத்தால் எழுத்து கையோடு வந்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போட்டு நேரே கடிகாரக்காரரிடம் கொடுங்கள். குன்னூரில் வடகிழக்கு மழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்த அலமாரியில் வைக்கவே கூடாது.